துறைக்கு வரும் உயிரினங்கள்: யாழ்ப்பாணக் கடற்றொழிலாளர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாண மாவட்டத்தின் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களின் மதிப்புக்குரிய தலைவர்கள், செயலாளர்கள், நிர்வாக சபை உறுப்பினர்கள் அனைவருக்கும்,

குருநகர், பாசையூர், நாவாந்துறை, காக்கைதீவு தொடக்கம் ஊர்காவற்றுறை, குறிகட்டுவான், மயிலிட்டி, பருத்தித்துறை வரையுள்ள இறங்குதுறைகளில் தொழில் செய்வோரின் நலனுக்குப் பொறுப்பானவர்கள் நீங்கள். ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன்னர் உங்கள் பொதுக்கூட்டங்களில் ஒரு விடயத்தை எடுத்துப் பேசி முடிவு காணவேண்டும் என்று கேட்டே இம்மடலை எழுதுகிறேன். பாம்பு, எலி, உடும்பு, கீரி, நீர்ப்பறவைகள், வலையோடு வந்து சேரும் கடற்பாம்பு, கடலாமை ஆகியன எங்கள் துறைகளில் அன்றாடம் தென்படுகின்றன. அவை தென்பட்டால் என்ன செய்வது என்பதற்கு எழுதப்பட்ட ஒழுங்கு எதையும் நான் அறிந்த எந்தத் துறையிலும் காணவில்லை. கண்டவர் அடிக்கிறார், காணாதவர் மிதிக்கிறார். இரண்டும் ஒழுங்கல்ல.

நான் கடற்றொழில் குடும்பத்தில் பிறந்தவள். அரச மருத்துவமனைகளில் தாதிய உத்தியோகத்தராகப் பணிபுரிந்து ஓய்வுபெற்றவள். கடற்கரைக் கிராமங்களிலிருந்து கடிபட்டு வந்தவர்களை விடுதியில் நீண்ட காலம் பார்த்திருக்கிறேன். ஆதலால் இதை விலங்குகள் மீதான இரக்கத்தை மட்டும் முன்வைத்து எழுதவில்லை. தொழிலாளியின் உயிரும் அந்த உயிரினத்தின் உயிரும் ஒரே காரணத்தால்தான் ஆபத்துக்குள்ளாகின்றன என்பதும், அந்தக் காரணத்தை நீக்குவது சங்கங்களின் கைக்கு எட்டிய வேலை என்பதுமே நான் சொல்ல விழைவது.

அந்தக் காரணத்தைக் காண ஏதாவது ஒரு துறைக்கு விடியற்காலை ஏழு மணியளவில் போனால் போதும். மீன் வெட்டும் பலகையைச் சுற்றிக் குடலும் செதிலும் செவுளும் குவிந்து கிடக்கும். விலைபோகாத பொடிமீனும் நசிந்த நண்டும் ஓரத்தில் தள்ளப்பட்டிருக்கும். அவற்றில் ஒரு பகுதி கடலுக்குள் வீசப்படும். அலை அதைத் திருப்பிக் கொண்டுவந்து கற்களுக்கிடையே செருகிவிடும். பகலில் காகமும் கட்டாக்காலி நாயும் அதைத் தின்கின்றன. இரவில் எலி தின்கிறது. எலி பெருகிய இடத்துக்கு அதைப் பிடிக்கப் பாம்பு வருகிறது. துறையிலேயே கவிழ்த்து வைத்திருக்கும் பழைய வள்ளம், ஆண்டுக்கணக்கில் எடுக்கப்படாத வலைக்குவியல், உடைந்த மீன்பெட்டி, வாடிக்குப் பின்னால் அடுக்கிய பனைமட்டை ஆகியன இரண்டுக்கும் வீடாகின்றன. உணவையும் உறைவிடத்தையும் நாங்களே கொடுத்துவிட்டு, வந்த விருந்தாளியைத் தடியால் அடிப்பதே இன்று துறைகளில் நடைபெறுகிறது.

அடித்துத் துரத்துவதால் இது தீராது என்பதை வேறு நாடுகளின் துறைகளும் பட்டுத்தான் அறிந்திருக்கின்றன. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் ‘பியர் 39’ என்னும் படகுத்துறைக்கு 1989 ஆம் ஆண்டின் இறுதியில் கடற்சிங்கங்கள் வந்து ஏறத் தொடங்கின. நாற்றமும் இரைச்சலும் தாங்காமல் படகுச் சொந்தக்காரர்கள் முறையிட்டார்கள். ஆனால் 1972 ஆம் ஆண்டின் கடல்வாழ் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டம் அவற்றைத் துன்புறுத்துவதைத் தடுத்திருந்தது. அருகில் உண்ண மீன் தாராளமாகக் கிடைத்தது, படுக்கத் தட்டையான மிதவை இருந்தது. இரண்டும் உள்ளவரை அவை போவதாக இல்லை. கடைசியில் படகுகள்தாம் இடம் மாறின. அந்த அமெரிக்கக் கரையின் ஏனைய துறைகளில் இப்போது மிதவைகளின் விளிம்பில் தாழ்வான வேலி கட்டுகிறார்கள். மீன் கழிவைத் தண்ணீரில் வீசுவதற்கும் பிராணிகளுக்குத் தீனி போடுவதற்கும் பல இடங்களில் தடை இருக்கிறது. எங்களிடம் கடற்சிங்கம் இல்லை என்பது எங்கள் அதிர்ஷ்டம். எங்கள் எலிக்கு எந்தச் சட்டமும் பாதுகாப்புக் கொடுக்கவில்லை. ஆயினும் அது கடற்சிங்கத்தைவிட உறுதியாகத் துறையில் குடியிருக்கிறது.

எலியைப் பற்றி முதலில் பேசவேண்டியிருப்பதற்குக் காரணம் உண்டு. 2024 ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் பெய்த பெருமழைக்குப் பின், டிசம்பர் மாதத்தில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களைப் பறித்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். முதலில் என்ன காய்ச்சல் என்றே தெரியாமல் சனங்கள் கலங்கியிருந்த நாட்கள் அவை. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரும் சேறும் காலிலுள்ள வெடிப்பு, கையிலுள்ள கீறல், கண், வாய் ஆகியவற்றின் வழியாக அந்தக் கிருமியை உடலுக்குள் கொண்டுசெல்கின்றன. செட்டை குத்திய காயமோ கயிறு அறுத்த கீறலோ இல்லாத கையை நீங்கள் எந்தத் துறையில் காட்டுவீர்கள்? வெறுங்காலோடு தேங்கிய நீரில் நின்று வலை அலசும் ஒருவர் வயலில் நிற்கும் விவசாயியைவிடக் குறைந்த ஆபத்தில் இல்லை. ஆனால் தடுப்பு மாத்திரை விநியோகம் பற்றிப் பேசும்போதெல்லாம் எங்கள் நினைவுக்கு வருவது வயல்தான். டொக்சிசைக்கிளின் மாத்திரையை யார், எப்போது, எவ்வளவு எடுக்கவேண்டும் என்பதைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையே தீர்மானிக்கவேண்டும். கடையில் வாங்கித் தாமாக விழுங்கக்கூடாது. துறைத் தொழிலாளர்களையும் அந்தப் பட்டியலில் சேர்க்கும்படி சங்கம் கடிதம் கொடுத்தால் பணிமனை அதைத் தட்டிக்கழிக்க நியாயம் இல்லை. கடும் காய்ச்சல், கெண்டைக்கால் நோவு, கண் சிவத்தல், சிறுநீர் குறைதல் ஆகியவை ஒன்றாகக் காணப்பட்டால் இரண்டு நாள் பனடோல் போட்டுப் பார்ப்போம் என்று இருந்துவிடக்கூடாது.

எலிக்கு நஞ்சு வைப்பது பற்றியும் ஒரு சொல். வலையை எலி கடித்துவிட்டது என்ற ஆத்திரத்தில் நஞ்சு கலந்த மீனைத் துறையில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு பிடி அகலத்துக்கு எலி கடித்த நைலோன் வலையைப் பொத்துவதற்கு எவ்வளவு நேரமும் நூலும் வேண்டும் என்பதை அறிந்தவள் என்பதால் அந்த ஆத்திரம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த நஞ்சை எலி மட்டும் தின்பதில்லை. நஞ்சுண்ட எலியைப் பிடிக்கும் ஆந்தையும் கீரியும் சாரைப்பாம்பும் சாகின்றன. எலியைத் தின்று கூலியின்றி எங்களுக்கு வேலை செய்தவை அவைதாம். நஞ்சு தீர்ந்ததும் எலி திரும்ப வருகிறது, பிடிக்கத்தான் ஆள் இருப்பதில்லை. வலையைத் தரையில் குவிக்காமல் இடுப்பளவு உயரத்தில் கம்பிச் சட்டத்தில் தொங்கவிடுவதும், மீன் மணம் போக நன்னீரில் அலசிக் காயவைத்து எடுப்பதும் நஞ்சைவிட மலிவானவை.

அடுத்தது தரைப்பாம்பு. குடாநாட்டின் மணற்பாங்கான கரைகளில், பற்றைகளிலும் கற்குவியல்களிலும் சுருட்டைப் பாம்பு வாழ்கிறது. பெரும்பாலும் ஒரு முழத்துக்கு மேல் நீளமில்லாத சிறிய பாம்பு, இரவில் நடமாடுவது, தொந்தரவு செய்தால் உடலைச் சுருட்டிச் செதில்களை ஒன்றோடொன்று உரசி இரைவது. அதன் கடி இரத்தம் உறையும் தன்மையைக் கெடுக்கும். கண்ணாடிப் புடையனின் கடி இரத்தத்தோடு சிறுநீரகத்தையும் தாக்கும். நள்ளிரவு தாண்டித் தொழிலுக்குப் போகிறவர் செருப்பில்லாமல், கையில் வெளிச்சமில்லாமல், இருட்டில் வள்ளத்தின் கயிற்றைத் தேடிக் கையை விடுகிறார். இதற்கு வேண்டியது பாம்பு பிடிக்கும் வீரம் அல்ல. துறையின் நடைபாதையில் ஒரு விளக்கு, காலில் மூடிய செருப்பு, கவிழ்த்த வள்ளத்தை நிமிர்த்துமுன் துடுப்பால் ஒரு தட்டு. மழை பெருகித் தாழ்நிலம் மூழ்கும்போது உயரமான இடம் தேடி வரும் பாம்புக்கு இறங்குதுறையின் கற்சுவரும் வாடியின் திண்ணையும் தான் அண்மையில் கிடைக்கும் மேடு என்பதால், ஐப்பசி முதல் மார்கழி வரை இவ்வழக்கங்கள் கட்டாயமாக வேண்டும்.

நான் இன்னும் விரிவாகச் சொல்லவேண்டியது கடற்பாம்பைப் பற்றி. துடுப்புப் போலத் தட்டையான வாலுடைய இப்பாம்புகள் வலையில் மீனோடு சிக்கி வருகின்றன. கடலில் வைத்தே எறியப்படுவன போக, மிகுதி வலையோடு சேர்ந்து துறைக்கு வந்து சேர்கின்றன. அங்கே வலையிலிருந்து மீனைக் கழற்றுபவர்கள் கடலுக்குப் போன ஆட்கள் மட்டுமல்லர். பெண்களும் பாடசாலை செல்லுமுன் உதவிக்கு வரும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கரைக்கு வந்த கடற்பாம்பு சோர்ந்து கிடப்பதைக் கண்டு அது கடிக்காது என்று நம்பி வாலில் பிடித்துச் சுழற்றி எறிகிற வழக்கம் எங்கள் ஊர்களில் உண்டு. சோர்ந்த பாம்பும் கடிக்கும். செத்துச் சிறிது நேரமே ஆன பாம்பின் தலையும் தொட்டால் அனிச்சையாகக் கவ்வும்.

கடற்பாம்பின் கடி ஏமாற்றக்கூடியது. கடிவாயில் பெரும்பாலும் வீக்கம் இருக்காது, நோவும் குறைவு. மீன்முள் குத்தியது என்றுதான் பலர் நினைப்பார்கள். கடித்த எல்லாக் கடியிலும் நஞ்சு இறங்குவதும் இல்லை. அதனால் ஊரில் ஒருவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்ற கதை எப்போதும் ஒன்று இருக்கும், அந்தக் கதை அடுத்தவரைக் கொன்றுவிடும். நஞ்சு இறங்கியிருந்தால் அரை மணி நேரம் தொடக்கம் சில மணி நேரத்துக்குள் கழுத்தும் தாடையும் இறுகும். கை கால் அசைக்க உடம்பெங்கும் நோகும். கண் இமை தொங்கலாம். பின்னர் சிறுநீர் தேயிலைச் சாயத்தைப் போலக் கறுத்துப் போகும். தசைகள் சிதைந்து அந்தச் சிதைவு சிறுநீரகத்தை அடைக்கிறது என்பதன் அடையாளம் அது. “மிஸி, ஒண்டும் இல்லை, கயிறு இழுத்த உளைவுதான்” என்று சொல்லிக்கொண்டு விடுதிக்குள் நடந்து வந்தவரின் சிறுநீரைப் பார்த்து வைத்தியர்கள் ஓடிய காலையை நான் அறிவேன். அவர் பிழைத்தார், ஆனால் இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரத்தில் கிடந்துதான் பிழைத்தார்.

இங்கு சங்கங்கள் தெளிவாக அறிந்திருக்க வேண்டிய உண்மை ஒன்று உண்டு. எங்கள் மருத்துவமனைகளில் வழக்கமாகப் பயன்படுத்தப்படும் இந்தியாவிலிருந்து வரும் விஷமுறிப்பு மருந்து நாகம், கண்ணாடிப் புடையன், எட்டடி விரியன், சுருட்டை ஆகிய நான்கின் நஞ்சுக்கு எதிராகத் தயாரிக்கப்படுவது. கடற்பாம்பின் நஞ்சுக்கு அது மருந்தல்ல. கடற்பாம்புக் கடிக்கு நேரத்தோடு வந்து சேர்ந்து, சிறுநீரகத்தையும் மூச்சையும் காப்பாற்றும் பராமரிப்பைப் பெறுவதே சிகிச்சை. அதனால்தான் கடித்தது எது என்பதை மருத்துவமனையில் சொல்லவேண்டியது அவசியமாகிறது. பாம்பைப் பிடித்துக்கொண்டு வரவேண்டியதில்லை. எட்ட நின்று கைத்தொலைபேசியில் ஒரு படம், முக்கியமாக வால் தெரியும்படி எடுத்த படம், போதும்.

முதலுதவி தரைப்பாம்புக்கும் கடற்பாம்புக்கும் ஒன்றே. கடிபட்டவரை நடக்கவிடாமல் படுக்கவோ இருக்கவோ வைத்து, கடிபட்ட கையையோ காலையோ ஒரு பலகைத் துண்டோடு சேர்த்து அசையாமல் தளர்வாகக் கட்டி, மோதிரம், காப்பு, அரைஞாண், இறுக்கமான உடை என்பவற்றைக் கழற்றிவிட்டு உடனே 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸை அழைக்கவேண்டும். கடிவாயைக் கீறக்கூடாது, உறிஞ்சக்கூடாது, மேலே கயிறு போட்டு இறுக்கக்கூடாது, சாராயம் கொடுக்கக்கூடாது, நோவுக்கு அஸ்பிரின் கொடுக்கக்கூடாது. விஷகடி வைத்தியரிடம் முதலில் போய், அங்கிருந்து இருட்டியபின் மருத்துவமனைக்கு வந்தவர்களின் உறவினர்களோடு நான் வாதாடியதுண்டு. பரம்பரை வைத்தியத்தை இழிவுபடுத்துவது என் நோக்கமல்ல. மூச்சு நின்றால் மூச்சுக் கொடுக்கும் இயந்திரம் எங்கே இருக்கிறதோ அங்கே முதலில் போங்கள், மற்றதைப் பிறகு பேசலாம் என்றே அன்றும் சொன்னேன்.

இதை எழுதும்போது ஒரு முரண் மனதில் வந்து நிற்கிறது. குறிகட்டுவானிலிருந்து படகேறி நயினாதீவுக்குப் போய் நாகபூஷணி அம்மனை வணங்குகிறோம். அம்மனுக்குப் பூக் கொண்டுவந்த நாகத்தைக் கருடன் மறித்த கதையையும், பாம்பு சுற்றிய கல்லையும் கருடன் கல்லையும் பிள்ளைகளுக்குக் காட்டுகிறோம். திரும்பி வந்து இறங்குகிற துறையில் ஒரு சாரையைக் கண்டால் நாலு பேர் கூடி அடிக்கிறோம். மேலே வட்டமிடுகிற செம்பருந்தின், அதாவது அந்தக் கருடனின், காலில் நாங்கள் வீசிய தங்கூசி என்னும் நைலோன் தூண்டில் நூல் சுற்றித் தொங்குகிறது. பக்திக்கும் துறைக்கும் இடையில் கடல் மட்டும்தானா இருக்கிறது என்று தெரியவில்லை.

பறவைகளைப் பற்றி அந்தத் தங்கூசியிலிருந்தே தொடங்கலாம். அறுந்த தங்கூசித் துண்டும் கொழுக்கியும் துறையில் விழுந்த இடத்திலேயே கிடக்கின்றன. கார்த்திகை தொடக்கம் பங்குனி வரை கடல்நீரேரிக்கு வெளிநாட்டுப் பறவைகள் வரும் காலம். மண்டைதீவுப் பாலத்தோரம் பூநாரை பார்க்க ஆட்கள் வாகனத்தை நிறுத்துகிறார்கள். அதே காலத்தில் துறையோரம் கொக்கும் நீர்க்காகமும் கூழைக்கடாவும் கழிவு மீனுக்காக இறங்கி நூலில் மாட்டுகின்றன. அப்படி மாட்டிய பறவையை இழுத்துப் பிடித்துக் கொழுக்கியைப் பிடுங்குவது அதன் தசையைக் கிழிப்பதாகும். ஒரு சாக்கையோ சாரத்தையோ மேலே போட்டுக் கண்ணை மறைத்தால் அது அடங்கிவிடும். கொழுக்கியின் முனையை முன்னோக்கித் தள்ளி வெளியே வரச்செய்து, முட்பாகத்தைக் குறட்டால் வெட்டியபின் மீதியை வந்த வழியே உருவவேண்டும். கூழைக்கடாவையும் நீர்க்காகத்தையும் பிடிக்கும்போது அலகை முற்றாகப் பொத்தக்கூடாது; அவை மூக்குத்துவாரத்தால் அல்ல, வாயால் மூச்சு விடுபவை. கடிக்கு அஞ்சி அலகை இறுக்கிக் கட்டியவர்களின் கையிலேயே பறவை செத்துப்போவது இதனால்தான். முகத்தை எட்ட வைத்துக்கொள்வதும் முக்கியம், கொக்கின் அலகு நேராகக் கண்ணுக்குத்தான் வரும்.

கடலாமை பற்றி எழுதும்போது சிலருக்கு மனக்கசப்பு வரலாம். ஆனாலும் எழுதாமல் விடமுடியாது. எங்கள் கரையில் ஆமை இறைச்சி உண்ட காலம் ஒன்று இருந்தது, இன்றும் மறைவில் விற்கப்படுவதை நீங்கள் அறியாதவர்கள் அல்லர். இலங்கைக் கரைகளுக்கு முட்டையிட வரும் ஐந்து வகைக் கடலாமைகளும் 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளன. பிடிப்பது, கொல்வது, இறைச்சியையோ முட்டையையோ வைத்திருப்பது எல்லாம் குற்றம். ஆவுளியா எனப்படும் கடற்பசுவுக்கும் அதே நிலைதான். துறையில் ஓர் ஆமை அறுக்கப்பட்டால் அறுத்தவர் மட்டுமன்றித் துறையே பொலிஸ் நிலையப் படி ஏறவேண்டி வரும். இது சட்டத்தின் பக்கம்.

தொழிலின் பக்கம் வேறு. ஆமை வலையில் சிக்கினால் வலையை அறுக்காமல் அதை விடுவிப்பது பெரும்பாலும் முடியாத காரியம். எல்லை தாண்டி வரும் இழுவைப்படகுகள் அறுத்துச் சென்ற வலைக்கே இன்னும் கடன் கட்டிக்கொண்டிருப்பவரிடம், ஆமைக்காக இன்னொரு வலையை அறு என்று எந்த முகத்தோடு சொல்வது? இதற்கு வழி கண்டவர்கள் இருக்கிறார்கள். இந்தியாவின் மகாராட்டிர மாநிலத்தில், பாதுகாக்கப்பட்ட உயிரினத்தை விடுவிக்க வலையை அறுத்த மீனவருக்கு, அதை நிழற்படமாகவோ காணொளியாகவோ எடுத்துக் காட்டினால், அதிகபட்சம் 25,000 இந்திய ரூபாய் வரை இழப்பீடு வழங்கும் திட்டம் 2018 முதல் உள்ளது. எதிர்க்கரையில் தமிழ்நாடு 2022 செப்டம்பரில் பாக்கு நீரிணைப் பகுதியில் 448 சதுர கிலோமீற்றர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது; வலையில் சிக்கிய கடற்பசுவை விடுவித்த மீனவர்களுக்கு அங்கே பரிசும் கொடுக்கிறார்கள். அக்கரையில் கடற்பசு என்பதும் இக்கரையில் ஆவுளியா என்பதும் ஒரே கடலில் மேயும் ஒரே உயிர்தான். கடற்றொழில் நீரியல் வளத் திணைக்களத்திடமும் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்திடமும் இத்தகைய இழப்பீட்டைக் கூட்டாகக் கேட்பது சங்கங்களின் கடமை என்று நினைக்கிறேன். மானிய எரிபொருளுக்கு வைக்கும் கோரிக்கையோடு இதையும் ஒரு வரியாகச் சேர்ப்பதில் நட்டமில்லை.

வலையில் மூச்சடைத்து அசைவற்று வந்த ஆமை செத்ததாகத்தான் தோன்றும். அதை அப்படியே கடலில் வீசினால் மூழ்கிச் சாகும். நிழலில் வயிறு கீழாக வைத்து, பின்பக்கத்தை ஒரு சாண் அளவு உயர்த்தி, ஓட்டின்மேல் நனைந்த சாக்கைப் போட்டு, மூக்கை மூடாமல் விட்டுவைத்தால் நுரையீரலில் ஏறிய நீர் வடிந்து சில மணி நேரத்தில் அசையத் தொடங்கும். சிலவற்றுக்கு ஒரு நாள்கூட ஆகும். துறையின் ஒரு மூலையில் இதற்கு ஒரு பாய் அகல நிழல் ஒதுக்கினால் போதும். சுற்றிவர நின்று பிள்ளைகளை ஆமையின் முதுகில் இருத்திப் படம் பிடிப்பதை மட்டும் யாராவது பெரியவர் தடுக்கவேண்டியிருக்கும்.

உடும்பும் சட்டப் பாதுகாப்புப் பெற்றது, அதைக் கறிக்குப் பிடிப்பது குற்றம் என்பதோடு அதை விடுகிறேன். கட்டாக்காலி நாய்கள் வனவிலங்கு அல்ல என்பதால் அவற்றையும் நீட்டவில்லை. ஆண்டுதோறும் விசர்நாய்த் தடுப்பூசி போட வருபவர்களைத் துறைக்கும் அழைத்து வாருங்கள், கழிவு குறைந்தால் நாயும் குறையும்.

இனி நான் கேட்பதைச் சொல்கிறேன். மூடியுள்ள கழிவுத் தொட்டியும், நாளாந்தம் அதை அகற்றும் ஒழுங்கும் எல்லாவற்றுக்கும் முதலாவது. பிரதேச சபையின் உழவு இயந்திரம் வாரத்தில் ஒருமுறை வந்தால் மீன் குடல் காத்திருக்காது என்பதால், அதைத் துறையிலிருந்து தினமும் எடுத்துச் செல்ல ஆள் தேடவேண்டும். ஆள் கிடைக்காமலும் போகாது. 2021 இல் இரசாயனப் பசளைக்குத் தடை வந்தபோது மீன் கழிவையும் சர்க்கரையையும் சம எடையில் கலந்து மூடி நொதிக்கவிட்டு மரக்கறிக்குத் தெளிக்கும் மீன் அமிலம் செய்யப் பலர் கற்றுக்கொண்டார்கள். தடை பின்னர் நீக்கப்பட்டது. வெங்காயமும் புகையிலையும் செய்கிறவர்கள் பத்து மைல் தள்ளித்தான் இருக்கிறார்கள். ஒரு கமக்காரர் அமைப்போடு பேசி, கழிவை அவர்களே வாளியோடு வந்து எடுத்துச் செல்லும்படி செய்தால், இன்று கற்களுக்கிடையே நாறுவது நாளை ஒருவரின் பயிருக்குப் போகும். எல்லாத் துறைக்கும் இது பொருந்தாது. தீவகத் துறைகளில் கமம் குறைவு, அங்கே குழி வெட்டி மண் மூடுவதுதான் வழியாக இருக்கலாம்.

அத்தோடு ஒவ்வொரு துறையிலும் நீண்ட பிடியுள்ள ஒரு கொக்கித்தடி, மூடியுடன் ஒரு ஆழமான வாளி, தடித்த இரண்டு சோடிக் கையுறை, ஒரு குறடு, ஒரு டோர்ச் லைட், ஒரு முதலுதவிப் பெட்டி ஆகியன பூட்டாத ஓர் அலுமாரியில் இருக்கவேண்டும். பூட்டினால் திறப்பு எப்போதும் செயலாளரின் வீட்டில்தான் இருக்கும். கடற்பாம்பைத் தடியால் தூக்கி வாளியில் இட்டு ஆழமான பக்கத்தில் விடுவதற்கு இரண்டு பேரைப் பழக்கினால் மற்றவர்கள் கை வைக்கவேண்டியதில்லை. பிள்ளைகள் வலை தெரியும் வேலைக்கு, அதாவது வலையிலிருந்து மீனைக் கழற்றும் வேலைக்கு, கையுறையின்றி வரக்கூடாது என்பதைச் சங்கத் தீர்மானமாகவே எழுதுங்கள்; வீட்டுக்கு வீடு சொல்லி இது நடக்காது.

பெரிய பிராணிகளுக்கோ, காயம்பட்ட ஆமைக்கோ, வெளியேறாமல் நிற்கும் நச்சுப்பாம்புக்கோ வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்தை அழைக்கலாம். அவர்கள் வந்து சேரும்வரை என்ன செய்வது என்பதைத்தான் நாங்கள் பழகவேண்டும். தூரமும் ஆட்குறையும் அவர்களுக்கும் உண்டு. யார் அழைப்பது என்ற தயக்கத்திலேயே நேரம் போய்விடுவதைக் கண்டிருக்கிறேன். ஆமையைக் காட்டிக்கொடுத்தவர் என்ற பெயர் தனியாளுக்கு வராதபடி, அழைப்பது சங்கத்தின் பொறுப்பு என்று தீர்மானித்துவிட்டால் அந்தத் தயக்கம் நீங்கும். 1990, 1992 ஆகிய இரண்டு இலக்கங்களையும் பெரிய எழுத்தில் துறைச் சுவரில் எழுதுவதற்கு ஒரு டப்பா பெயின்ற் போதும்.

பொதுக்கூட்டத்தில் இதற்கு அரை மணி நேரம் ஒதுக்குவீர்களாயின், பாம்புக்கடி முதலுதவியையும் கடற்பாம்பை வலையிலிருந்து எடுக்கும் முறையையும் செய்து காட்ட நான் வருவேன். எனக்குப் பின் பணியில் சேர்ந்த தாதியர் சிலரும் வர உடன்பட்டிருக்கிறார்கள். தொழிலுக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமை முற்பகல் வசதியாக இருக்கும். பழைய வலைத்துண்டு ஒன்றும், பாம்புக்குப் பதிலாகக் கட்டிக் காட்ட ஒரு பழைய ரயர் டியூப்பும், ஒரு சாக்கும் நீங்கள் கொண்டு வந்தால் போதும். வலை தெரியும் பெண்களையும் கட்டாயம் அழையுங்கள். சங்கக் கூட்டங்களில் அவர்களைக் காண்பது அரிது, கடிபடுவதோ அவர்களும்தான்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.